மூன்று மணி நேரம் ஒரே முகமா, இருபது நிமிடத்துக்கு ஒரு தாளா?

நேரில் அமரும் மாடலைப் பார்த்து உருவப்படம் வரையும் வகுப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் ஒரே ஆள், ஒரே போஸ், முழு வகுப்பும் அதற்கே. மற்றதில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போஸ் மாறும், தாளும் மாறும். எதில் சேருவது என்று கேட்டால் இரண்டுமே நல்லவைதான் என்று சொல்லி நழுவிவிடலாம். புதிதாக வரைய வருபவருக்கு இரண்டாவதுதான் என்பது என் கட்சி.

முகம் வரையத் தொடங்குபவர் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. கை அவற்றை மேலே ஏற்றி வைத்துவிடும். நெற்றியிலும் தலைமுடியிலும் பார்க்க ஒன்றுமில்லை என்று மனம் அந்தப் பகுதியைச் சுருக்கிவிடுவதுதான் காரணம். நீண்ட போஸில் இந்தப் பிழை முதல் பத்து நிமிடத்திலேயே நடந்து முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் இடம் தவறிய கண்ணுக்கு இமைமுடி தீட்டுவதில் போகும். ஆசிரியர் வந்து சுட்டிக்காட்டும்போது கருவிழியில் வெளிச்சப் புள்ளிகூட வைத்தாகியிருக்கும். அவ்வளவு அழகான கண்ணை அழிக்க யாருக்கு மனம் வரும்? குறும் போஸில் அந்தப் பற்றுக்கே இடமில்லை. தாள் போகிறது, அடுத்த தாளில் கண் சற்றுக் கீழே இறங்குகிறது.

இன்னொரு சிக்கல் மாடலின் முகம். நீண்ட போஸ் என்றாலும் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு உண்டு. நாற்காலிக் கால்களுக்கும் பாதங்களுக்கும் ஒட்டுநாடாவால் அடையாளம் வைத்திருப்பார்கள். திரும்பி வந்து அமரும்போது பாதம் சரியாகப் பொருந்தும், கழுத்து பொருந்தாது. இரண்டாம் மணி நேரத்தில் மோவாய் தாழும், இமை கனக்கும், உதட்டோரம் தொங்கும். முதலில் கண்ணையும் கடைசியில் வாயையும் வரைந்தவரின் தாளில் இரண்டு ஆட்கள் இருப்பார்கள்.

இதைச் சமாளிக்கத் தெரிந்தவருக்கு நீண்ட போஸ் ஒரு புதையல். 2002-இல் பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட் தீட்டிய உருவப்படத்துக்காக இன்னொரு ஓவியரான டேவிட் ஹாக்னி நூறு மணி நேரத்துக்கும் மேல் அமர்ந்தார். பதிலுக்கு ஹாக்னிக்காக ஃப்ராய்ட் அமர்ந்தது சில மணி நேரமே. நியாயமான பண்டமாற்று என்று சொல்ல முடியாது! ஆனால் அத்தனை நேரத்தையும் பயன்படுத்த ஃப்ராய்டுக்குத் தெரியும். கன்ன எலும்பில் வெளிச்சம் நிழலாகத் திரும்பும் இடம், தாடையின் அடியில் ஏறிவரும் எதிரொளி, இவையெல்லாம் இருபது நிமிடத்தில் பிடிபடுபவை அல்ல. அளக்காமலே கண்ணை இடத்தில் வைக்கக் கை பழகியவர் தயங்காமல் நீண்ட போஸுக்குப் போகலாம்.

ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த போஸ்கள் முழு உடலை வரையத்தான் ஏற்றவை. முகத்தைப் பொறுத்தவரை தலையின் சாய்வும் ஒரு பெரிய நிழலும் கிடைக்கும், அவ்வளவுதான். கருவியும் நேரத்தைப் பொறுத்தது: குறும் போஸுக்குப் படுக்கவைத்துத் தேய்க்கும் கரித்துண்டு, நீண்டதற்குக் கூர்சீவிய பென்சில். இருபது நிமிட போஸில் பென்சில் முனையைக் கூராக்கிக்கொண்டு இருப்பவர் பாதி முகத்தோடுதான் எழுந்து போவார்.

நீண்ட போஸ் வகுப்பு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அதையே குறும் போஸாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மாடல் ஓய்வுக்கு எழும்போதெல்லாம் புதிய தாளைப் பொருத்துங்கள். முடிந்தால் இடமும் மாறி, நேர்முகம் பார்த்த இடத்திலிருந்து பக்கவாட்டுக்குப் போங்கள். ஆசிரியர் முகம் சுளித்தால் கடைசிப் பகுதியை மட்டும் அவர் விருப்பப்படி நிதானமாக வரைந்து காட்டலாம்.