டீ டைமில் கூகுள் ட்ரான்ஸ்லேட்: திருப்பூர் தையல் லைனில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

திருப்பூர், அவிநாசி, பெருந்துறைப் பக்கம் எந்தப் பனியன் கம்பெனிக்குள் போனாலும் ஓவர்லாக் தையல் மிஷினில் ஒடிசாக்காரர், பேட்லாக் மிஷினில் பீகார்காரர், செக்கிங்கில் அசாம் பெண், கைமடிக்க உள்ளூர் அக்கா என்று இருப்பார்கள். ஒரே பீஸ் நாலு மொழியைத் தாண்டித்தான் பெட்டிக்குப் போகிறது. வேலைப் பேச்சுக்குக் கைச்சாடை போதும். ‘ஊர்ல அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்கத்தான் வழியிருக்காது. அந்த ஒரு கேள்விக்கு கூகுள் ட்ரான்ஸ்லேட் என்ற இந்த இலவச மொழிபெயர்ப்புச் செயலி எவ்வளவு உதவும் என்று பார்க்கலாம்.

முதலில் சரியான மொழியைத் தேர்ந்தெடுங்கள். இங்கே பெரும்பாலோர் சறுக்குவது இதில்தான். வடக்கிலிருந்து வந்தவர் என்றாலே ஹிந்தியைப் போட்டுவிடுகிறார்கள். ஒடிசாக்காரருக்கு ஒடியா, அசாம்காரருக்கு அசாமி, ஜார்க்கண்டிலிருந்து வந்தவருக்குச் சந்தாலிகூடத் தாய்மொழியாக இருக்கலாம். தமிழ் இந்தச் செயலியில் 2011லேயே சேர்ந்துவிட்டது. ஒடியா 2020இலும், அசாமி, போஜ்புரி, மைதிலி, மணிப்புரி ஆகியவை 2022இலும், சந்தாலி 2024இலும் வந்தன. ரொம்ப நாளைக்கு முன் தேடிப் பார்த்து ‘இல்லை’ என்று விட்டவர்கள் மறுபடி பாருங்கள். ‘உங்க வீட்ல என்ன பாஷை பேசுவீங்க?’ என்று கேட்பதே நல்ல தொடக்கம்.

தமிழையும் அவர் மொழியையும் வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். தகரக் கூரைக்கடியில் சிக்னல் நிற்காது. எல்லா மொழிக்கும் இந்த வசதி கிடையாது, பட்டியலில் இறக்கும் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மொழிகளுக்குக் குரல் வசதியும் கிடையாது, தட்டச்சு செய்துதான் காட்ட வேண்டும். அவருக்கு எழுத்து வாசிக்க வராவிட்டால், அவருக்குத் தெரிந்த இரண்டாவது மொழிக்கு மாற்றிக் குரலில் கேட்க வையுங்கள்.

இருவர் மாறி மாறிப் பேசும் உரையாடல் வசதியை லைன் ஓடும்போது போடாதீர்கள். நாற்பது மிஷின் சத்தத்தில் மைக் கண்டதையும் பிடிக்கும். டீ டைமில் வெளியே வந்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு மூச்சில் ஒரே வாக்கியம், ஏழெட்டுச் சொல்லுக்குள் பேசுங்கள். திரையில் விழுந்த தமிழைப் படித்துப் பார்த்த பிறகே அவர் பக்கம் திருப்புங்கள்.

நம் கொங்குத் தமிழ்தான் இதற்குப் பெரிய சோதனை. இது எழுத்துத் தமிழை ஒட்டிப் பழகிய கருவி. ‘ஏனுங்’ என்று கூப்பிட்டால் ‘ஏன்’ என்ற கேள்வியாகிவிட வாய்ப்பு உண்டு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை ‘வெஞ்சனம்’ என்றால் விழிக்கும். ‘சாப்பிட்டீர்களா’ என்று சொன்னால் சரியாகப் போகும். இதைவிட நுட்பமான சிக்கல் மரியாதை. இத்தகைய கருவிகளில் ஒரு மொழி பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் இன்னொன்றுக்குப் போகிறது. ‘நீ’யும் ‘நீங்க’வும் நடுவில் ஒன்றாகிவிடும். ஹிந்தியில் ‘ஆப்’ வரவேண்டிய இடத்தில் ‘தும்’ விழலாம். வயதில் மூத்தவரிடம் பேசும்போது வாக்கியத்தோடு உறவுச் சொல்லையும் நீங்களே சேர்த்துச் சொல்லுங்கள்: பீகார்காரருக்கு ‘பையா’, பெங்காலிக்கு ‘தாதா’, ஒடிசாக்காரருக்கு ‘பாயினா’. பெயர் தெரிந்தால் பெயரோடு சேர்த்து. ‘ஹிந்திக்காரன்’, மணிப்பூர்ப் பிள்ளையைப் பார்த்து ‘நேபாளி’, ‘சைனா’ என்பதெல்லாம் இருக்கிற இடத்தில் எந்தச் செயலியும் உதவாது. அது அவர்களுக்கு வலிக்கிறது, மொழி தெரியாவிட்டாலும் புரிகிறது.

பேச்சைச் சாப்பாட்டில் தொடங்குங்கள். ஒடிசாவில் ‘பகாளா’ என்பது தண்ணீரில் ஊறி லேசாகப் புளித்த சோறு, நம் பழைய சோறேதான். பெங்காலில் அது பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத். அவர்கள் கீரையோடும் பொரித்த மீனோடும் சாப்பிடுவார்கள், நாம் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொள்வோம். இந்த ஒரு விஷயத்தில் ஒரு வாரத்துக்கு டீ டைம் ஓடும். நம் சித்திரை ஒன்றை ஒட்டியேதான் ஒடிசாவின் பணா சங்கராந்தியும் அசாமின் ரொங்காலி பிஹுவும் பெங்காலின் புத்தாண்டும். அன்றைக்கு ஒரு தூக்குப்போசியில் பாயசம் கொண்டுபோங்கள்.

சம்பளம், சாதி, மதம் மூன்றையும் போன் வழியாகக் கேட்காதீர்கள். போனை முகத்துக்கு நேராக நீட்டினால் விசாரணை மாதிரி இருக்கும். பெஞ்சில் இருவருக்கும் நடுவில் வையுங்கள். ஊசி விரலில் ஏறியது, ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி, கூலித் தகராறு என்றால் இதை நம்பாமல் இரண்டு மொழியும் தெரிந்த ஆளைக் கூட்டிப் போக வேண்டும்.

திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் சரக்கெடுக்கும் நைஜீரிய வியாபாரிகளோடு ஆங்கிலமே ஓடும். அவர் தாய்மொழி இக்போ என்றால் ‘கெடு’ என்று கேளுங்கள். ‘எப்படி இருக்கீங்க’ என்று அர்த்தம். நம் காதுக்கு வேறு மாதிரி விழுவதால் அவர் சொல்லும்போது தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தரலாம். முதல் மாதம் தினமும் பயன்படுத்துங்கள், பிறகு குறையுங்கள். ஹிந்தியில் ‘கானா காயா?’, பெங்காலியில் ‘கேயேச்சேன்?’, ஒடியாவில் ‘காஇலே கி?’ எல்லாம் ‘சாப்டாச்சுங்களா’தான். உச்சரிப்பைச் செயலியில் கேட்காமல் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பழகுங்கள். பதிலுக்கு நம் ‘சாப்டாச்சுங்களா’வை அந்த ‘ங்க’ விடாமல் சொல்லிக் கொடுங்கள்.