கிடுக்கிப்பிடி ஹெட்ஃபோனோடு இரண்டரை ஆண்டுகள்

ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவது என் வேலை. ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம், காதை முழுவதும் மூடும் பெரிய ஹெட்ஃபோன் தலையில் இருக்கும். இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய இது ஒலியில் அருமையானது. பேசுபவர் மூச்சை உள்ளிழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்கும். ஆனால் போட்ட நாற்பதாவது நிமிடத்தில் நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறிக்கத் தொடங்கிவிடும். கழற்றிக் கண்ணாடியில் பார்த்தால் காதுக்கு முன்னால் ஒரு செவ்வரி தெரியும். அது மறைய அரை மணி நேரம் ஆகும்.

போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பி இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். குஷன் கொஞ்சம் படிந்தது, வலி குறையவில்லை. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டில், தலையை வெளியிலிருந்து இறுக்குவதால் வரும் தலைவலிக்குத் தனி இடம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. இறுக்கம் தொடங்கிய 1 மணி நேரத்துக்குள் வரும், அழுந்துகிற இடத்திலேயே அதிகம் வலிக்கும், இறுக்கத்தை எடுத்த 1 மணி நேரத்துக்குள் போய்விடும். என் வலி இம்மூன்றுக்கும் அப்படியே பொருந்தியது. கழற்றிய பிறகும் நெடுநேரம் நீடிக்கிற வலி என்றால் கதை வேறு. அதற்கு ஹெட்ஃபோனை வளைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

"இறுக்கமாக இருக்கிறது" என்று ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் என் முதல் முயற்சிகள் எல்லாம் வீணாயின. ஒரு நாள் பக்கத்தில் தாளை வைத்துக்கொண்டு எங்கே, எத்தனையாவது நிமிடத்தில் வலிக்கிறது என்று குறித்தேன். காதுக்கு மேல், நான் அணியும் மூக்குக்கண்ணாடியின் கம்பி போகிற கோட்டில் 25ஆவது நிமிடம். நெற்றிப்பொட்டில் 40. காதுமடலின் வெளி விளிம்பில் 1 மணி நேரம். உச்சந்தலையில் 2 மணி நேரம். நான்கும் நான்கு வலிகள், ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி. தலைக்கு மேல் வளைந்து போகும் பட்டையைத் தளர்த்துவதால் தீரக்கூடியது இவற்றில் ஒன்றுதான், நெற்றிப்பொட்டு வலி.

அந்த ஒன்றை முதலில் எடுத்துக்கொண்டேன். பயணப் பை எடைபார்க்கும் சிறிய கொக்கித் தராசு ஒன்று வீட்டில் கிடந்தது. காதை மூடும் கிண்ணங்களில் ஒன்றை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைத் தராசின் கொக்கியால் மேலே இழுத்தேன். பெரியவர்களின் தலை அகலம் பெரும்பாலும் 14 முதல் 16 செ.மீ. வரை இருக்கும். எனக்கு 15. இரண்டு குஷன்களுக்கும் இடையே 15 செ.மீ. விரியும்போது தராசு 620 கிராம் காட்டியது, அதாவது ஏறத்தாழ 6 நியூட்டன். நாள் முழுவதும் தலையில் இருக்கிற பொருளுக்கு இது அதிகம். கையில் ஒரு எண் இருந்தது பெரிய உதவி. "கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கிறது" என்று மனம் சொல்வதை அதன்பின் நம்ப வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் சொல்கிற வழி, இரவில் புத்தக அடுக்கின் மேல் விரித்து வைப்பது. தலை அகலத்தைவிட 2 செ.மீ. கூடுதலாக அடுக்கி ஒரு வாரம் வைத்தேன். 620 கிராம் 570 ஆனது, அதோடு நின்றுவிட்டது. என் ஹெட்ஃபோனின் பட்டைக்குள் இருப்பது எஃகுத் தகடு. எஃகை அதன் மீள் எல்லைக்குள், அதாவது நிரந்தரமாக வளைந்துவிடாத அளவுக்குள், எவ்வளவு நேரம் விரித்து வைத்தாலும், விட்டவுடன் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அந்த 50 கிராமும் குஷனின் ஃபோம் நசுங்கியதாலும், இணைப்பில் இருக்கும் பிளாஸ்டிக் சற்று இளகியதாலும் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன பட்டை என்றால் புத்தக அடுக்கு நன்றாகவே வேலை செய்யும். தொடர்ந்து இழுபட்டால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். அதற்கும் ஒரேயடியாக விரிக்கக் கூடாது. முதல் இரவு தலை அகலத்துக்குச் சமமாக, அடுத்த இரவு 1 செ.மீ. கூட்டி, அப்படித்தான் போக வேண்டும்.

எஃகுத் தகட்டைக் கையால்தான் வளைக்க வேண்டும். இரண்டு கட்டைவிரல்களையும் பட்டையின் உள்பக்கம் வைத்து, விரலகலம் தள்ளித் தள்ளி, ஒவ்வோர் இடத்திலும் சிறிதளவு நிமிர்த்த வேண்டும். கிண்ணங்களைப் பிடித்து இழுக்கவே கூடாது. அப்படி இழுத்தால் விசை முழுவதும் கீலில் போய் விழும். வீட்டில் இருந்த இன்னொரு பழைய ஹெட்ஃபோனில் நான் அதைத்தான் செய்தேன். "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. கீலுக்குப் பக்கத்தில் முடி அளவு விரிசல். இரண்டு வாரத்தில் கிண்ணம் தனியாகக் கையோடு வந்துவிட்டது.

முதல் தடவை வளைத்தபோது தராசு 430 கிராம் காட்டியது, மகிழ்ந்துபோனேன். போட்டுப் பார்த்தால் வலி இல்லை, ஆனால் ஒலி தட்டையாகிவிட்டிருந்தது. ஆண் குரல்களில் இருந்த கனம் காணாமல் போயிருந்தது. உச்சிப் பகுதியை மட்டும் நிமிர்த்தியதால் கிண்ணங்களின் கீழ் விளிம்பு வெளிப்பக்கம் சாய்ந்து, காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் இடைவெளி விழுந்திருந்தது. மூடிய வகை ஹெட்ஃபோனில் குஷன் தோலோடு காற்றுப் புகாமல் ஒட்டியிருந்தால்தான் தாழ்ந்த ஒலிகள் காதுக்குள் நிற்கும். இதைச் சோதிப்பது எளிது. அடிநாதம் உள்ள எதையாவது ஓடவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும்போது அடிநாதம் சட்டென்று கூடினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

அளவுக்கு மேல் தளர்த்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்பதே என் கவலை. கசிவு வந்தால் வெளிச்சத்தம் உள்ளே நுழையும், கை தானாகப் போய் ஒலியளவைக் கூட்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற எல்லை, 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம். என்னைப் போல் வாரம் முழுவதும் கேட்கிறவர்களுக்கு அதற்குமேல் ஒவ்வொரு டெசிபலும் கணக்குதான். நெற்றிப்பொட்டைக் காப்பாற்றக் காதைக் கொடுப்பது நியாயமான பேரம் இல்லை. அதனால் பட்டையின் இரண்டு முனைகளையும், இணைப்புக்குச் சற்று மேலே, மறுபடி கொஞ்சம் உள்ளே வளைத்தேன். தராசு 450 காட்டியது. அடிநாதம் திரும்பி வந்தது. அதன்பின் இந்த இரண்டு ஆண்டுகளில் பட்டையில் கை வைக்கவில்லை.

நெற்றிப்பொட்டு இதோடு அடங்கியது. கண்ணாடிக் கம்பிக் கோடு அடங்கவில்லை. யோசித்தால் காரணம் புரியும். குஷன் முழுவதும் பரவ வேண்டிய விசையில் பெரும்பகுதி, புடைத்து நிற்கும் ஒரு கம்பியின் வழியே மண்டையோட்டில் இறங்குகிறது. விசையைக் கால் பங்கு குறைத்தாலும் அந்தக் கோட்டில் அழுத்தம் அதிகமாகவே இருக்கும். என் பழைய சட்டத்தின் கம்பி தடித்த பிளாஸ்டிக், 4 மி.மீ. இருந்தது. அடுத்த தடவை கண்ணாடி மாற்றியபோது 1 மி.மீ. உலோகக் கம்பியுள்ள சட்டத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். இந்த இரண்டரை ஆண்டுகளில் செய்த மாற்றங்களில் அதிகப் பலன் தந்தது இதுதான். இன்னொன்றும் செய்தேன். குஷனின் உறையைக் கழற்றி, கம்பி படுகிற இடத்தில் உள்ளே இருக்கும் ஃபோமில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டினேன். வெளித்தோல் முழுதாக இருப்பதால் கசிவு பெரிதாக இல்லை. வெட்டத் தயங்குகிறவர்கள் கம்பியைக் காதில் மாட்டாமல், குஷனுக்கு மேலே தங்கும்படி சற்று உயர்த்தி வைத்துப் பாருங்கள். திரையைப் பார்க்க அது போதும்.

காதுமடல் வலிக்கும் பட்டைக்கும் தொடர்பே இல்லை. குஷன் ஆழம் போதாததால் மடலின் விளிம்பு உள்ளே இருக்கும் துணியில் முட்டிக்கொண்டிருந்தது. குஷனுக்கு அடியில், காதின் பின்பக்கம் வருகிற பாதியில் மட்டும், 3 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் துண்டை வளைத்து வைத்தேன். குஷன் சாய்வாக நின்று மடலுக்கு இடம் கொடுத்தது. உச்சந்தலைக்குப் பெரிய வேலை எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் கிண்ணங்களை ஒவ்வொரு படி கீழே இறக்கினேன், சரியாகிவிட்டது.

குஷனைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் மூன்று வகை மாற்றிப் பார்த்துவிட்டேன். கூடவே வந்த செயற்கைத் தோல் ஒன்றரை ஆண்டில் செதில் செதிலாக உரிந்து, கறுப்புத் துகள்கள் கன்னத்தில் ஒட்டின. அடுத்து வெல்வெட் போன்ற துணி உறை. வியர்வை குறைந்தது, தொடும்போது இதமாக இருந்தது, ஆனால் துணி வழியே காற்றுப் போவதால் அடிநாதம் குறைந்துவிட்டது. குரல் மட்டும் கேட்கிறவர்களுக்கு அது போதும். எனக்குப் பதிவில் முணுமுணுப்பவர்களைப் பிடிக்க வேண்டியிருந்ததால் மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது ஆட்டுத்தோல் உறைக்குள் மெமரி ஃபோம். நாசாவுக்காக 1966இல் உருவாக்கப்பட்ட இந்த ஃபோமின் குணம், சூட்டில் இளகி முகத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படிவது. கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் பள்ளம் ஒன்றிரண்டு நொடி தயங்கி, மெதுவாக எழும். அந்தத் தயக்கம் இல்லாமல் உடனே எழுந்தால் அது சாதாரணப் பஞ்சு. குளிரான காலையில் முதல் சில நிமிடங்கள் இந்த ஃபோம் விறைப்பாக இருக்கும். அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், உடல் சூடு ஏறட்டும்.

புதுக் குஷன் தடிமனாக இருந்தால் பட்டை கூடுதலாக விரியும், பிடி மறுபடி இறுகும். போன மாதம் புதிய ஜோடி போட்ட அன்று தராசு 510 காட்டியது. பட்டையைத் தொடாமல் இரண்டு வாரம் காத்திருந்தேன், ஃபோம் படிந்து 460க்கு வந்தது. இன்று மாலை நான்கு மணி நேரத்துக்குப் பிறகு கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். காதுக்கு முன்னால் செவ்வரி லேசாக இருந்தது. முகம் கழுவித் துடைப்பதற்குள் மறைந்துவிட்டது.