நேர்கோடு வரைய டேபிளா, இன்டர்செப்டா, ஸ்லோப்பா? எங்க வீட்டுல எடுத்த முடிவு

பொண்ணு ஒன்பதாவது, ஸ்டேட் போர்டு. ஸ்கூல்ல மிஸ் டேபிள் போட்டுதான் (எக்ஸுக்கு சில மதிப்பு குடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒய் கண்டுபிடிச்சு) கிராஃப் வரையணும்ங்கறாங்க, டியூஷன் சார் "டேபிள் எதுக்கும்மா, ஒருவாட்டி எக்ஸுக்கு ஜீரோ போடு, ஒருவாட்டி ஒய்க்கு ஜீரோ போடு, ரெண்டு புள்ளி, ஸ்கேல வச்சு இழு"ங்கறாரு, இவ ஏதோ வீடியோ பாத்துட்டு வந்து ஸ்லோப்புதான் (சாய்வு, கோடு எவ்ளோ ஏறுது இறங்குதுங்கறது) ஈஸின்னு நிக்கிறா. சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை மூணையும் நானே உக்காந்து போட்டுப் பாத்தேன், பெரம்பூர்ல வாங்கின ஒரு கட்டு கிராஃப் ஷீட் அன்னிக்கே பாதி காலி. இப்ப எங்க வீட்டுல டேபிள்தான். ஆனா மிஸ் சொன்ன டேபிள்ல ஒரு சின்ன மாத்தம் இருக்கு.

வேகம்னு பாத்தா சார் சொல்ற இன்டர்செப்ட்தான் (தமிழ் மீடியம் புக்ல வெட்டுத்துண்டு, கோடு அச்சுகள வெட்டுற எடம்), அதுல சண்டையே இல்ல. 2எக்ஸ் + 3ஒய் = 12னு குடுத்தா (6, 0), (0, 4), அவ்ளோதான், அரை நிமிஷம் கூட ஆகாது. 3எக்ஸ் = 2ஒய் மாதிரி ஆதிப்புள்ளி (0, 0) வழியா போற கோடுன்னா ரெண்டு ஜீரோவும் ஒரே புள்ளில வந்து நிக்கும், வேற ஒண்ணு தேடணும். 2எக்ஸ் + 3ஒய் = 7னா மூணரை, ரெண்டே கால் சொச்சம்னு வரும், அத மில்லிமீட்டர் கட்டத்துல குறிக்கிறது தலவலி.

இதெல்லாம் சமாளிச்சுடலாம். நான் டேபிள் பக்கம் சாஞ்சதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு, தப்பு பண்ணா அது கண்ணுல மாட்டணும்.

கிளாஸ் டெஸ்ட்ல 2எக்ஸ் – 3ஒய் = 6 வந்துச்சு. இவ சார் சொன்ன மாதிரி ஒய்க்கு ஜீரோ போட்டு (3, 0) எடுத்துட்டா, எக்ஸுக்கு ஜீரோ போட்டப்ப மைனஸ விட்டுட்டு (0, 2)ன்னு எழுதிட்டா. சரியான புள்ளி (0, –2). ரெண்டையும் சேத்து அழகா ஒரு கோடு, அம்புக்குறி எல்லாம் போட்டு, ஸ்கேல் எழுதி, ஷார்ப்பான பென்சில்ல. ஏற வேண்டிய கோடு இறங்குது, அவளுக்குத் தெரியவே இல்ல, ஏன்னா எந்த ரெண்டு புள்ளிய வச்சாலும் ஒரு நேர்கோடு வந்தே தீரும். வீட்டுல அதே கணக்குல எக்ஸுக்கு 6 போட்டுப் பாருன்னேன், (6, 2) வந்துச்சு. குறிச்சா (0, 2), (3, 0), (6, 2), ரெண்டு பக்கம் மேடு நடுவுல பள்ளம். "அப்பா, இது கோடே இல்லயே"ன்னா. அந்த ஒரு மூணாவது புள்ளிக்கு இருபது செகண்ட் ஆகியிருக்குமா, அதுக்கு மார்க்கே போயிடுச்சு.

ஸ்லோப் இந்த விஷயத்துல இன்னும் மோசம். (0, –2)ல ஆரம்பிச்சு மூணு கட்டம் வலது, ரெண்டு கட்டம் மேலன்னு நடக்கணும். இத மாத்தி ரெண்டு வலது மூணு மேலன்னு நடந்தா அடுத்த புள்ளியும் அதே தப்போட வரும், அதுக்கடுத்ததும் அப்படியே. பத்து புள்ளி வச்சாலும் பத்தும் ஒரே நேர்ல நிக்கும், எல்லாம் தப்பான கோட்டுல. தப்பு வரிசையா நின்னா சரி மாதிரியே தெரியும்ல.

நான் சொன்ன மாத்தம் இதுக்குத்தான். டேபிள்லயும் இதே ஓட்டை இருக்கு. ஸ்கூல்ல முதல்ல சமன்பாட்ட ஒய் = இவ்ளோன்னு மாத்தி எழுத வச்சுட்டு, அதுல மூணு மதிப்பு போடச் சொல்றாங்க. அந்த மாத்துற எடத்துலயே குறி புரண்டு ஒய் = (6 – 2எக்ஸ்)/3ன்னு எழுதிட்டா மூணு புள்ளியும் சமத்தா ஒரே கோட்டுல வந்து உக்காந்துடும், மூணாவது புள்ளி எதையும் காட்டிக் குடுக்காது. அதனால மூணாவத மட்டுமாவது கேள்வில குடுத்த சமன்பாட்டுலயே நேரா போட்டுப் பாக்கணும். இவ இப்ப மூணையுமே அப்படித்தான் பண்றா. பின்னம் வராம இருக்க எக்ஸ நாமதான் பாத்து எடுக்கணும், சும்மா 0, 1, 2ன்னு போடக்கூடாது. அந்த 2எக்ஸ் + 3ஒய் = 7க்கே (2, 1) கொஞ்சம் தடவினா கிடைச்சுடும், அப்புறம் எக்ஸ 3 கூட்டினா ஒய் 2 குறையும், (5, –1). அந்தப் பக்கம் போனா (–1, 3). பின்னமே கிடையாது. (இந்த 3, 2ங்கறது ஸ்லோப்புதான், தெரியும், தெரியும்.)

ஸ்லோப்ப ஒரேயடியா தள்ளவும் மாட்டேன். கோடு என்ன சொல்லுதுன்னு புரியணும்னா அதுதான். 2013ல சென்னை ஆட்டோவுக்கு அரசு வச்ச ரேட் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, மேல கிலோமீட்டருக்கு 12. (மீட்டர் போட்டாங்களான்னு கேக்காதீங்க.) அத எழுதினா ஒய் = 12எக்ஸ் + 3.4, 1.8 தாண்டினப்புறம் இந்தக் கோடு, அதுவரைக்கும் 25லயே படுத்துக் கிடக்கும். கோடு எவ்ளோ செங்குத்தா ஏறுதோ அவ்ளோ காசு, அந்த 12தான் ஸ்லோப்புன்னு சொன்னதும் இவளுக்குப் பிடிபட்டுச்சு. இங்க இன்டர்செப்ட் எடுக்கப் போனா எக்ஸ் மைனஸ்ல வரும், மைனஸ் கிலோமீட்டர் எந்த ஆட்டோ போகும்?

அடுத்த வருஷத்தையும் யோசிச்சேன். பத்தாவது பப்ளிக்ல கிராஃப் கணக்கு 8 மார்க், பரவளையம் (யு மாதிரி வளையற கோடு) வந்தா டேபிள் இல்லாம வேலைக்கே ஆகாது, தீர்வு கண்டுபிடிக்க அதோட வெட்டுற நேர்கோட்டுக்கும் பக்கத்துலயே ஒரு குட்டி டேபிள் போடுவோம். கை பழகினா நல்லதுதானே. சிபிஎஸ்இ பசங்களுக்கு நான் சொல்லிக்குடுத்ததில்ல, அங்க எது எடுபடும்னு அவங்க மிஸ்ஸையே கேளுங்க.

டியூஷன் சார் கிட்ட இன்னும் சொல்லல. அவர் முன்னாடி ரெண்டு புள்ளில கோடு போட்டுட்டு, மூணாவத ரஃப் நோட்டுல ஓரமா சரி பாத்துக்கறா.