ரத்தம் ஒரு சொட்டு, வியர்வை ஒரு வாளி: லாக்டேட் மீட்டரோடு மூன்று வருடம்

போன வாரம் அலுவலக நண்பன் வாட்ஸப்பில் கேட்டான்: "மச்சான், நீ வெச்சிருக்கியே அந்த லாக்டேட் மிஷின், இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கிடவா?" ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். மூன்று வருடக் கோபமும் பாசமும் ஒரு வரியில் அடங்கவில்லை. அதனால் இது.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. லாக்டேட் என்பது தசை உண்டாக்கி ரத்தத்தில் விடுகிற ஒரு பொருள்; என்னைப் போல ஓடுகிறவர்கள் பயிற்சி வேகம் சரியா என்று பார்க்க அதை அளக்கிறோம். விரலைக் குத்தி, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் கால் நிமிடத்துக்குள் அது எவ்வளவு இருக்கிறது என்று மில்லிமோலில் (ஒரு லிட்டர் ரத்தத்துக்கு இவ்வளவு என்கிற அளவு) ஓர் எண் காட்டுகிற கையடக்க வகை. மற்ற விவரமெல்லாம் தேடினால் கிடைக்கும். 2022 ஆகஸ்டில் வாங்கினேன், 30,000 ரூபாய்க்கு மேல். அது கூடப் பரவாயில்லை, ஒரே தடவைச் செலவு. ஸ்ட்ரிப்தான் ஆளைக் கொல்லும். ஒன்று ஏறக்குறைய ஒரு சிக்கன் பிரியாணி விலை. அதனால் எங்கள் வீட்டில் கணக்கே பிரியாணியில்தான். "இன்னிக்கு எத்தனை பிரியாணி?" என்று மனைவி கேட்பாள். மூன்று என்றால் முறைப்பாள்.

வாங்கியதற்குக் காரணம் நார்வேக்காரர்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் 1500 மீட்டரை 3:28.32இல் ஓடித் தங்கம் வாங்கியதும் உலகமே அவர்கள் பயிற்சியைத் துருவ ஆரம்பித்தது. அந்த வழியின் வேரில் மாரியுஸ் பாக்கன் என்ற ஓட்டக்காரர் இருக்கிறார். 2004இல் 5000 மீட்டரை 13:06.39இல் ஓடியவர், பிறகு மருத்துவர். தன் மேலேயே 5,500 தடவை லாக்டேட் சோதனை செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். (என் மனைவி கணக்கில் 5,500 பிரியாணி.) அவர் கண்டுபிடித்ததன் சாரம் இதுதான்: த்ரெஷோல்டுக்கு, அதாவது ரத்தத்தில் லாக்டேட் நிற்காமல் ஏறத் தொடங்குகிற எல்லைக்கு, சற்றுக் கீழேயே நின்று துண்டுதுண்டாக ஓடினால் உடம்பு அவ்வளவாக அடிவாங்காது, அப்போது அந்த வகை ஓட்டத்தை நிறையச் செய்யலாம், ஒரே நாளில் காலையும் மாலையும்கூட. மீட்டர் எதற்கு என்றால், வேகமாகப் போகவிடாமல் கையைப் பிடித்து இழுக்க.

நான் ஐ.டி. வேலை பார்க்கிறவன். ஒரே நாளில் இரண்டு தடவை ஓடினால் வேலையும் போகும், குடும்பமும் போகும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்று, முடிந்தால் வெள்ளிக்கிழமை இன்னொன்று, அவ்வளவுதான்.

முதல் நாள் மறக்காது. மெரினா சர்வீஸ் ரோடு, விடிகாலை 5:20. 6 நிமிடம் ஓடி 1 நிமிடம் நிற்பது, இப்படி ஐந்து தடவை. அப்போது எனக்கு 10 கிலோமீட்டர் 52 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 5:12. ஆனால் 'டெம்போ' (பந்தய வேகத்துக்குச் சற்றுக் குறைவாக ஓட வேண்டிய பயிற்சி) என்ற பெயரில் வருடக்கணக்காக 5:00இல் ஓடிக்கொண்டிருந்தேன். பந்தய வேகத்தைவிட வேகமான டெம்போ! யாராவது கேட்டால் "கம்ஃபர்டபிளி ஹார்ட்" என்று பெருமையாகச் சொல்வேன். மூன்றாவது துண்டு முடிந்து குத்திப் பார்த்தேன். 7.4.

லாக்டேட் என்றால் காலில் தேங்கும் விஷம் என்று சின்ன வயதில் படித்ததை மறந்துவிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தசை அதை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. இதயமும் மற்ற தசைகளும் அதையே எடுத்து எரித்துக்கொள்கின்றன. வரவும் செலவும் சமமாக இருக்கிற வரை ரத்தத்தில் எண் நிலையாக நிற்கும். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் செலவு ஈடுகொடுக்காது, எண் ஏறிக்கொண்டே போகும். 1976இல் ஜெர்மனியின் கொலோனில் மாடர் என்பவரும் அவர் குழுவும் அந்த எல்லைக்கு 4 மில்லிமோலில் ஒரு கோடு கிழித்தார்கள். இன்றும் பலர் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறும். உன் கோடு எது என்று பார்க்க ஒரே வேகத்தில் 30 நிமிடம் ஓடு. 10ஆவது நிமிடத்தில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை குத்திப் பார். இரண்டுக்கும் நடுவில் 1 மில்லிமோலுக்கு மேல் ஏறியிருந்தால் நீ கோட்டுக்கு அந்தப் பக்கம். வேறு வேறு வேகத்தில் நான்கு வாரம், எட்டு பிரியாணி செலவழித்துப் பார்த்ததில் எனக்கு 3.2 பக்கம் வந்தது. அந்த எண்ணுக்கு உரிய வேகம் 5:30.

5:30! எங்கள் ஓட்டக் குரூப்பில் அது கதை பேசிக்கொண்டு ஓடுகிற வேகம். முதல் இரண்டு மாதம் அவமானமாக இருந்தது. போன வருடம்தான் ஓட ஆரம்பித்த பையன்கள் "சார், இன்னைக்கு ஈசியா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு 5:30இலேயே நின்றேன். முன்பெல்லாம் செவ்வாய் டெம்போ ஓடினால் வியாழன் வரை மாடிப்படி இறங்கத் தொடை ஒத்துழைக்காது. இப்போது புதன்கிழமையே கால் 'என்னப்பா, போகலாமா' என்றது. எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். அதே 3.2க்கு இன்று வேகம் 5:08. 10 கிலோமீட்டர் 48:30க்கு வந்துவிட்டது, அரை மாரத்தான் 1:58இலிருந்து 1:47. எல்லாம் மீட்டரால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 7.4 கண்ணில் படாமல் இருந்திருந்தால் நான் வேகத்தைக் குறைத்திருக்கவே மாட்டேன். சத்தியம்.

சரி, இனி திட்டலாம்.

வியர்வையிலும் லாக்டேட் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. 'விரல் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும்' என்று கையேட்டில் ஒற்றை வரியில் எழுதியிருக்கிறான். எழுதியவன் மே மாதம் காலை ஆறு மணிக்கு மெரினாவில் நின்றிருப்பானா? எனக்கு உலர்ந்த விரல் என்பது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, அதுவும் மழை இல்லாத நாளில்.

நடப்பதைச் சொல்கிறேன். நான்காவது துண்டு முடிந்து நிற்கிறேன். மறுபடி ஓட ஒரு நிமிடம்தான் இருக்கிறது. ஈரோட்டுத் துண்டால் கையைத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் விரல் நுனியைத் துடைத்து, அது காய ஊதி, குத்துகிறேன். முதல் சொட்டைத் துடைத்துப் போட வேண்டும், அதில் வியர்வை கலந்திருக்கும். இரண்டாவது சொட்டுக்காக விரலைப் பிதுக்குகிறேன். ரத்தம் வர வேண்டுமானால் கை கீழே தொங்க வேண்டும். கை கீழே தொங்கினால் தோளில் புறப்பட்ட வியர்வை முழங்கை, மணிக்கட்டு வழியாக நேராக விரல் நுனிக்கு வந்து சேரும். கையைத் தூக்கினால் வியர்வை நிற்கும், கூடவே ரத்தமும் நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆரத்தி எடுக்கிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் வார்ம் அப் முடித்து, வெறும் ஜாகிங்கில் 11.6 காட்டியது. அது நிஜமென்றால் நான் அங்கேயே மூச்சிரைத்துக் கவிழ்ந்திருக்க வேண்டும். துடைத்து மறுபடி வைத்தால் 1.4. ஒரு பிரியாணி கடல் காற்றில் போயிற்று.

காது மடலில் எடுத்துப் பார் என்றார்கள். நிறுத்தியிருந்த பைக் கண்ணாடியில் பார்த்துக் காதைக் குத்திக்கொண்டேன். தலையிலிருந்து வழிகிற வியர்வைக்குக் காது இன்னும் பக்கம் என்பது அப்புறம்தான் உறைத்தது. பைக்காரர் வந்து நின்று பார்த்ததை இங்கே எழுத வேண்டாம். கடைசியில் மணிக்கட்டில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டுவதுதான் பலன் தந்தது. 30,000 ரூபாய்க் கருவிக்கு 30 ரூபாய்க் கைக்குட்டை.

ஸ்ட்ரிப் பெட்டியில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருக்கிறது. சித்திரையில் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜைத் தவிர அப்படி ஓர் இடம் கிடையாது. இட்லி மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் வாழ்கிறது. கூடவே காலாவதித் தேதி வேறு. போன வருடம் ஒன்பது ஸ்ட்ரிப் பிரிக்காமலே காலாவதியானது. இரண்டாவது வருடம் பேட்டரி இருக்கிற இடத்தில் பச்சை பூத்து மீட்டர் நின்றுபோனது. அனுப்பினால், ஈரம் பட்டதால் வாரன்டி கிடையாது என்றார்கள். ஓடுகிறவன் கையில் இருக்கிற பொருளில் ஈரம் படாமல் பன்னீரா படும்? கடைசியில் பக்கத்துத் தெரு மொபைல் கடைத் தம்பி சுரண்டிச் சுத்தம் செய்து 150 ரூபாய் வாங்கினான். இன்றுவரை ஓடுகிறது.

ஒரு தடவை ஊட்டிக்கு எடுத்துப்போனேன், வியர்வைத் தொல்லை இருக்காதே என்று. டிசம்பர் காலை, விரல் விறைத்து, மூன்று இடத்தில் குத்தியும் சொட்டு வரவில்லை. டீக்கடைக் கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு சூடேற்றினேன். ரத்தம் வந்தது, அதற்குள் ஓடி முடித்து எட்டு நிமிடம் ஆகியிருந்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

எண் சரியாக வந்தாலும் அது சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வைகுண்ட ஏகாதசிக்கு விரதம் இருந்து மறுநாள் காலை ஓடினேன். 5:15இல் 1.9. துள்ளிக் குதித்தேன், ஃபிட்னஸ் எகிறிவிட்டது என்று. அடுத்த வாரம் மூன்று வேளையும் சோறு தின்றுவிட்டு அதே வேகத்தில் 3.4. தசையில் மாவுச்சத்து இருப்பு குறைந்தால் லாக்டேட்டும் குறைவாகத்தான் வரும். வண்டி நன்றாக ஓடியதால் அல்ல, டேங்க் காலியாக இருந்ததால் வந்த எண் அது.

இவ்வளவு திட்டியும் கோடையில் இது செய்கிற ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் என் த்ரெஷோல்டில் ஹார்ட் ரேட் 164. மே மாதம் அதே 164ஐப் பிடித்துக்கொண்டு ஓடினால் எண் 2கூட வராது. சூட்டில் தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் போக வேண்டியிருப்பதால் இதயம் அதிகமாக அடிக்கிறது, தசை சும்மா இருக்கிறது. மறுபக்கம், கடிகாரத்தில் ஜனவரி வேகத்தைப் பிடித்தால் எண் 5ஐத் தாண்டும். இரண்டுக்கும் நடுவில் 5:30இல் ஹார்ட் ரேட் 172 இருக்கும்போது 3.0 வந்தது. கோடையில் ஹார்ட் ரேட்டும் பொய், கடிகாரம் காட்டுகிற வேகமும் பொய் என்று எனக்குக் காட்டியது இந்தச் சனியன்தான்.

காலை நடைப்பயிற்சிக்கு வருகிற ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். நான் விரலைக் குத்துவதைப் பார்த்து முதல் நாளே வந்துவிட்டார். "தம்பிக்கு சுகரா? இந்த வயசுலயா?" இல்லை சார், இது லாக்டேட் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெந்தயத்தை ராத்திரியே ஊற வெச்சிருங்க" என்றார். இப்போது வாரா வாரம் கேட்பார், "இன்னிக்கு எவ்வளவு?" ஒருநாள் "2.8 சார்" என்றேன். "மூணு மாச சுகரா? ரொம்பக் கம்மியாச்சே!" என்று பதறிப் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். ஓடிக் களைத்தவனுக்கு அது தேவாமிர்தம்.

இப்போது மாதம் ஒரு ஸ்ட்ரிப், இரண்டு ஸ்ட்ரிப்தான் செலவாகிறது. ஏனென்றால் வேறொன்று பிடிபட்டுவிட்டது: ஏழாம் வாய்ப்பாடு. ஈசி ஓட்டத்தில் ஏழொண்ணு ஏழில் ஆரம்பித்துப் பாதி வாய்ப்பாடு ஒரே மூச்சில் போகும். த்ரெஷோல்டில் ஒரு மூச்சுக்கு ஒரு வரி, அதற்கு மேல் வராது. அதைத் தாண்டினால் ஏழெட்டு எவ்வளவு என்பதே மறந்துவிடும். மீட்டரை வைத்துச் சரிபார்த்தேன். ஒரு மூச்சுக்கு ஒரு வரி வருகிறபோதெல்லாம் 2.7க்கும் 3.3க்கும் நடுவில்தான் இருந்தது. இரண்டாம் வகுப்பு வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது.

அதனால் நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. எங்கள் ஊர் வியர்வைக்கு இது செய்யப்பட்ட பொருள் இல்லை. உன் டெம்போவில் கிலோமீட்டருக்கு 20 நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டு, மெதுவாக, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓடு, பாதிப் பலன் இன்றைக்கே கிடைக்கும்.

இதை அனுப்பியதும் அவன் உடனே கேட்டான்: "அப்ப உன்னோடதை எனக்குப் பாதி விலைக்குக் குடுத்துடேன்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான்கு நாள் ஆகிறது. ஜனவரி அரை மாரத்தானுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது, பனிக்காலம் வேறு வருகிறது, விரல் காய்கிற காலம். நேற்று ராத்திரி ஒரு பெட்டி ஸ்ட்ரிப் ஆர்டர் போட்டுவிட்டேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன்.