சாயம் போன கன்னிக் கிடாய்: வாட்ஸ்அப்பில் ஆடு வாங்குகிறவர்களுக்கு

போன வருஷம் ஐப்பசியில் ஒரு பொலிகிடாய், அதாவது பெட்டை ஆடுகளோடு சேர்க்க வளர்க்கிற கிடாய், வாங்கி நன்றாக ஏமாந்தேன். கிடாய்க்குக் கொடுத்தது 27,500 ரூபாய். அது கூட்டிவந்த நோயில் செத்த குட்டிகளையும் மருந்துச் செலவையும் சேர்த்தால் 65,000 தாண்டும். 14 வருஷமாக வெள்ளாடு வளர்க்கிறவன் இதை வெளியே சொல்ல வெட்கப்படத்தான் வேண்டும். இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம் கரிசல் பூமி. வைத்திருப்பது கன்னி ஆடு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உடம்பெல்லாம் கருப்பு, முகத்தில் கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரை இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி இறங்கும். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறமாக இருந்தால் செங்கன்னி. காதின் உள்பக்கம், அடிவயிறு, கால் எல்லாம் அதே நிறம் வரும். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் இதுதான் எங்கள் ஆடு. இதோடு சேர்த்துக் கொடி ஆடும் உண்டு, அது வெள்ளையில் கருப்பு தெளித்தால் கரும்போரை, சிவப்பு தெளித்தால் செம்போரை. கறிக்கு விற்கிறவனுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. பொலிகிடாய்க்கும் கண்காட்சிக்கும் வளர்க்கிறவனுக்கு நிறம்தான் பாதி விலை. விலாவில் உள்ளங்கை அளவு ஒரு திட்டு இருந்தால் போதும், நாலாயிரம் ஐயாயிரம் இறங்கிவிடும்.

என்னிடம் இருந்த கிடாய்க்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதன் பிள்ளைகளே பருவத்துக்கு வந்துவிட்டன. இனி வைத்திருந்தால் மகள்மேலேயே ஏறும், குட்டி சவலையாகும் என்று தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றேன். நல்ல விலை. கையில் காசு இருந்தது, பட்டியில் கிடாய் இல்லை, தைப் பொங்கலை ஒட்டிப் பக்கத்து ஊரில் நாட்டு ஆட்டுக் கண்காட்சி வருகிறது. முந்தின வருஷம் அதில் மூன்றாம் பரிசு வாங்கி ஒரு எவர்சில்வர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். இந்த வருஷம் முதல் பரிசுதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பான்?

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. தகரக் கொட்டகை, பின்னால் நீலத் தார்ப்பாய், முன்னால் பால்கன்னிக் கிடாய். மை மாதிரி கருப்பு. முகக் கோடு அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி. கீழே விவரம்: ரெண்டு பல், ஒண்ணேகால் வயசு, 41 கிலோ, ஆட்டுக்கொல்லி தடுப்பூசி போட்டாச்சு, சொந்தப் பண்ணையில் பிறந்தது. அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

முன்பணம் அனுப்பாமல் நேரில் போனதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஏனென்றால் என் அக்கா மகன் அதற்கும் முன்னாலேயே ஜமுனாபாரி என்கிற வடநாட்டு ஆட்டு ஜோடி ஒன்றுக்கு 3,000 ரூபாய் முன்பணம் போட்டுவிட்டு இன்னும் காத்திருக்கிறான். ‘ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, பாதி விலைக்குத் தருகிறேன், வண்டி வாடகை மட்டும் அனுப்புங்கள்’ என்று வந்த ஆள். அந்த மாதிரி வந்தால் பதிலே போடாதீர்கள், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் அந்தப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. காலையில் வருகிறேன் என்றுதான் சொன்னேன். “காலையில வேற பார்ட்டி வருது அண்ணாச்சி, உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்” என்றார் விற்கிறவர். ஐப்பசி மேகம் வேறு, கொட்டகைக்குள் ஒரே ஒரு குண்டு பல்பு. நான் கிடாயைப் பார்த்தேனே தவிர அதைச் சுற்றி இருந்ததைப் பார்க்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அங்கே நின்ற முப்பது நாற்பது ஆடுகளில் பாதிக்கு முதுகில் நீலமும் சிவப்புமாகப் பெயிண்ட் குறி இருந்தது. சந்தையில் வியாபாரிகள் தங்கள் ஆட்டுக்குப் போடுகிற குறி அது. சொந்தப் பண்ணையில் பிறந்த ஆட்டுக்கு எதற்குக் குறி? கன்னி, கொடி, கலப்பு, இரண்டு மூன்று செம்மறி, எல்லாம் கலந்து நின்றன. புழுக்கை உருண்டையாக இல்லாமல் மூலையில் கழிந்து கிடந்தது. தாய் ஆட்டைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்றார். இருட்டப் போகிற நேரத்தில் எந்த ஆடு மேய்ச்சலில் இருக்கும்?

அப்புறம் பல். ஆட்டுக்கு மேல் முன்பல் கிடையாது, கீழே எட்டு. பால் பல் விழுந்து நடுவில் இரண்டு பெரிய பல் வந்தால் ரெண்டு பல், ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள். பிறகு அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். நான் வாயைப் பிடிக்கக் கையை நீட்டினேன். “கடிக்கும் அண்ணாச்சி, நான் காட்டுறேன்” என்று அவரே கீழ் உதட்டை இழுத்துக் காட்டினார். ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் ஆள்காட்டி விரல். நடுவில் பளிச்சென்று இரண்டு பல். விரல்களுக்குக் கீழே என்ன இருந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை. வெள்ளாடு கடிக்கிறதாம், நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

தராசில் 41 கிலோ காட்டியது. பாதியைக் கையில் கொடுத்தேன், பாதியை ஜிபேயில் போட்டேன். போனில் வந்த பெயர் அவர் பெயர் இல்லை, “மச்சான் அக்கவுண்டு” என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கிடாயை நேராகப் பட்டிக்குள் அவிழ்த்துவிட்டேன். இந்த இடத்தில் என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். வெளியிலிருந்து வருகிற ஆட்டைக் குறைந்தது மூன்று வாரம் தனியாகக் கட்டி, தனி வாளியில் தண்ணீர் காட்ட வேண்டும் என்று மற்றவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு முதல் பரிசு கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் காலை அம்மா வந்து பார்த்தார். எழுபது வயது, ஆடுகளோடேயே கிடந்தவர். வேறு ஒன்றும் பேசவில்லை, கிடாயின் தாடையைப் பிடித்து ஒரு திருப்பு. “ஏலேய், இது ஆறு பல்லுடா.” நானும் குனிந்து பார்த்தேன். ஆறுதான். இரண்டரை மூன்று வயது. கண்காட்சியில் பல்லை வைத்துத்தான் பிரிவு பிரிப்பார்கள், ரெண்டு பல் பிரிவுக்கு என்று வாங்கியது அதோடு போனது. பருத்திக் கடைத் தராசில் நிறுத்தினால் 36 கிலோ. எடை போடுவதற்கு முன் உப்பைத் தவிட்டில் கலந்து கொடுத்து வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைப்பது பழைய வித்தை. ஐந்து கிலோ தண்ணீரை ஆட்டு விலைக்கு வாங்கியிருக்கிறேன்.

மூன்றாம் நாள்தான் பெரிய கூத்து. உண்ணி இருக்கிறதே என்று என் மனைவி கிடாயை வெந்நீர் ஊற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, பழைய வெள்ளைத் துண்டால் துவட்டினாள். “ஏங்க, இங்க வாங்களேன்.” துண்டு பூராவும் சாம்பல் கலந்த கருப்பு. அவள் உள்ளங்கையும் அப்படியே. வலது விலாவில் கையை வைத்துப் பார்த்தேன். மற்ற இடத்தில் முடி வழுவழுவென்று இருக்கிறது, அங்கே மட்டும் துடைப்பக் குச்சி மாதிரி விறைத்து நிற்கிறது. முடியைப் பிரித்தால் நுனி கருப்பு, அடி செம்பட்டை, தோலில் கறை. தலைக்குப் பூசுகிற சாயம்! ஒரு முழம் நீளத்துக்குச் செந்திட்டு, அதை மறைத்துப் பூசியிருக்கிறார்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பும் என் மனைவியின் கையும் சேர்ந்து உண்மையை வெளியே கொண்டுவந்துவிட்டன.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்குப் போகும்போது நாங்களும் கொம்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவோம், குளம்பைச் சீவுவோம், முடி மின்ன வேண்டும் என்று பிண்ணாக்கைக் கூட்டிக் கொடுப்போம். அதெல்லாம் பெண் பார்க்க வருகிற அன்று பூ வைத்துவிடுகிற மாதிரி. இது பெண்ணையே மாற்றிக் காட்டுவது.

போன் போட்டேன். “வண்டியில ஏத்துற வரைக்கும்தான் அண்ணாச்சி நம்ம பொறுப்பு. நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க?” அதோடு சரி. அடுத்த தடவை போன் போகவில்லை, வாட்ஸ்அப்பில் படமும் மறைந்துவிட்டது. பில் இல்லை, சீட்டு இல்லை, பணம் போனது யாரோ ஒரு மச்சானுக்கு. எதை வைத்துக்கொண்டு யாரிடம் போவது?

இதுவரைக்கும் நடந்ததை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருப்பேன். ஐந்தாம் நாள் கிடாய் தீனி எடுக்கவில்லை. மூக்கில் ஒழுக்கு, கண்ணில் பீளை. அதற்கடுத்த வாரம் குட்டிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. வாய்க்குள் புண், கிட்டே போனால் நாற்றம், அப்புறம் கழிச்சல். 1962-க்குப் போன் செய்தோம், கால்நடை ஆம்புலன்ஸில் டாக்டர் வந்தார். பார்த்ததுமே “ஆட்டுக்கொல்லி மாதிரித்தான் தெரியுது” என்றார். வைரஸ் நோய், நேரடி மருந்து கிடையாது. கூடச் சேர்ந்துகொள்கிற சளிக்கும் கழிச்சலுக்கும் ஊசி, குளுக்கோஸ், வாய்ப்புண்ணுக்குப் போரோ கிளிசரின், அவ்வளவுதான் செய்ய முடியும். பெரிய ஆடுகள் தப்பித்தன, இரண்டு வருஷத்துக்கு முன் தடுப்பூசி போட்டிருந்தேன். ஒரு முறை போட்டால் மூன்று வருஷம் வரை தாங்கும். வைகாசியில் பிறந்த குட்டிகளுக்குப் போடவில்லை. மருந்தகத்திலிருந்து ஊருக்கு வந்து போட்ட அன்று நான் ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஏழு குட்டிகள். ஒரு சினை ஆடு குறைமாதத்தில் போட்டது. குழியை ஆழமாக வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். நாலாவது குட்டியைப் புதைத்த அன்று சாயங்காலம் ஒரு வியாபாரி பைக்கில் வந்து நின்றார். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. “சாகுறதுக்கு முன்னால குடுத்துருங்க, ஒண்ணுக்கு ஆயிரம் தாறேன்.” ஒரு நிமிஷம் மனசு ஆடியது, பொய் சொல்லக் கூடாது. அம்மாதான், “நமக்கு வந்தது இப்படித்தானல வந்திருக்கும்” என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கோ ஒரு பட்டியில் நோய் கண்டதும் ஒருத்தர் அவசரமாக விற்றதுதான் அந்தத் தகரக் கொட்டகைக்கு வந்து, பக்கத்தில் நின்ற என் கிடாய்க்கு ஒட்டியிருக்கும். வியாபாரியை அனுப்பிவிட்டோம்.

அதனால் இனி கிடாய் வாங்கப் போகிறவர்கள் என்ன சாக்குச் சொன்னாலும் விடிந்த பிறகு போங்கள், உங்கள் வீட்டில் வாய் பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிப் போங்கள். பல்லை உங்கள் கையால் திறந்து எட்டையும் எண்ணுங்கள். ஒரு வெள்ளைத் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பையில் வைத்துக்கொண்டு போய் விலா, தொடை, கழுத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், முடியைப் பிரித்து அடியையும் பாருங்கள். விற்கிறவர் முகம் மாறினால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். எடையை வெறும் வயிற்றில் போடச் சொல்லுங்கள். தடுப்பூசி போட்டாச்சு என்றால் எந்த மருந்தகம், என்றைக்கு என்று கேளுங்கள். தாயையும் கூடப் பிறந்ததையும் காட்ட முடியாத ஆள் பண்ணைக்காரர் இல்லை, வியாபாரி. வியாபாரியிடம் வாங்குவது தப்பில்லை, வியாபாரி விலைக்கு வாங்க வேண்டும். நான் சொன்ன மூன்று வாரத்தையும் மறக்காதீர்கள். நான் மூன்று நிமிஷம்கூட வைக்கவில்லை.

கிடாய் பிழைத்துக்கொண்டது. அதுதான் இதில் வேடிக்கை. பொங்கல் கண்காட்சிக்கு நான் வெறும் கையோடு போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். வேறு கிடாய் வாங்கக் காசில்லாததால் தையில் அதையே சேர்த்தேன், ஆனியில் குட்டிகள் பிறந்தன. ஆறில் இரண்டுக்கு வலது விலாவில் அதே செந்திட்டு. சின்னவள் அதில் ஒன்றுக்கு ‘டை’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

போன வாரம் வேறொரு குழுவில் ஒரு வீடியோ வந்தது. புது நம்பர், அதே தகரக் கொட்டகை, அதே நீலத் தார்ப்பாய். கிடாய் மட்டும் வேறு, விலை 32,000. ‘பகலில் காட்டுங்கள், வாயை வாங்குகிறவர் திறக்கட்டும்’ என்று கீழே எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.