குடியை விடுவதற்கு எட்டுச் சனிக்கிழமைகள்: கிளிநொச்சி உளவளத்துணை வகுப்பு ஒன்றைப் பற்றி

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கட்டடத்தில், குடிப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்காக எட்டுச் சனிக்கிழமைகள் நடைபெறும் உளவளத்துணை வகுப்புக்கு எனது அண்ணருடன் தொடக்கம் முதல் முடிவு வரை சென்று வந்தேன். அண்ணர் மேசன் வேலை செய்பவர்; சம்பள நாள் மாலை என்றால் தவறணையைத் தாண்டி அவரால் வீடு வந்து சேர முடிந்ததில்லை.

மீண்டும் குடித்துவிட்டு வருபவரை நடத்தும் விதமே இவ்வகுப்பின் பெரும் பலம். மூன்றாவது கிழமை அண்ணர் குடித்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு வர வெட்கப்பட்டார். உளவளத்துணையாளர் அவரைக் கண்டிக்கவில்லை, சத்தியமும் வாங்கவில்லை. “அண்டைக்கு எத்தனை மணிக்கு வேலை முடிஞ்சது அண்ணை? ஆரோட வந்தனீங்கள்? கையில எவ்வளவு காசு இருந்தது?” என்று கேட்டு, விடைகளைக் கரும்பலகையில் எழுதினார். அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் 1980களில் வளர்த்தெடுத்த மீள்வீழ்ச்சித் தடுப்பு முறையின் அடிப்படை இதுதான். முதல் மிடற்றைவிட, அதன் பின் வரும் குற்றவுணர்ச்சியே, ‘தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன’ என்று ஒருவரை மீதிப் போத்தலையும் குடிக்க வைக்கிறது என்று மார்லட் விளக்கினார். அண்ணர் அன்று தலை நிமிர்ந்து இருந்ததை நான் மறக்கமாட்டேன்.

அடுத்து, உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் 1999இல் எழுதிய ஆய்வின் வழியில், ‘இப்படி நேர்ந்தால் இப்படிச் செய்வேன்’ என்ற வாக்கியங்களை எழுத வைத்தார்கள். “சம்பளம் கையில் கிடைத்தால், சைக்கிளை எடுக்க முன்னரே மனைவிக்கு அழைப்பேன்” என்று அண்ணர் எழுதினார். வெறும் ‘இனிக் குடிக்கமாட்டேன்’ என்பதைவிட இது எவ்வளவோ உறுதியானது.

இவ்வகுப்பின் துண்டுப்பிரசுரத்தில் ‘21 நாளில் பழக்கம் மாறும்’ என்று அச்சிட்டிருப்பது தவறு. புதிய முகத் தோற்றத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் எடுக்கிறது என்று ஒரு பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960இல் எழுதிய அவதானிப்பு திரிந்து வந்ததே இந்தக் கணக்கு. இலண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் இயல்பாகிவிட 18 முதல் 254 நாள் வரை தேவைப்படலாம் என்றும், இடைநிலை 66 நாள் என்றும் கண்டார்கள். அதுவும் நல்ல பழக்கத்தை ஏற்படுத்துவதற்கே, குடியை விடுவதற்கல்ல. அந்த 21 நாள் கணக்கை நம்பியவருக்கு 22ஆம் நாளிலும் நாக்கு ஏங்கினால், தன்னில்தான் ஏதோ குறை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இதைவிடப் பாரதூரமான குறை ஒன்று உண்டு. நாள்தோறும் எவ்வளவு குடிப்பவர் என்று முதல் நாளில் எவரிடமும் கேட்கவில்லை. பல வருடங்களாக நாள்தோறும் அதிகமாகச் சாராயமோ கசிப்போ குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவரை முதலில் வைத்தியசாலைக்கு அனுப்பியிருக்க வேண்டும். கூட வந்த மனைவிமாரை விறாந்தையில் காக்க வைத்ததும் எனக்கு ஏற்புடையதல்ல, ஏனெனில் அண்ணர் எழுதிய வாக்கியத்திலேயே அண்ணியின் பங்கு இருக்கிறது.

எட்டாவது வகுப்பின் முடிவில் இம்மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் வாசித்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு அண்ணியை உள்ளே அழைப்பதாகச் சொன்னார். துண்டுப்பிரசுரம் இன்னும் மாறவில்லை. அண்ணரை மீண்டும் அங்கேயே பதிந்திருக்கிறேன்.