செட்டிபாளையத்தில் இருபது நிமிடம் ஓட்ட, நாற்பது நிமிடம் உட்கார வேண்டும்

இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்து, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக்கில் முதல்முறை ரேஸ் கார் ஓட்டப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரச் சொன்ன நேரம் காலை 8 மணி. முதல் கார் பிட்டை (டிராக்கை ஒட்டி கார்களைத் தயார் செய்யும் இடம்) விட்டு வெளியே போனது 10:40. டிராக்கில் ஒருவருக்குக் கிடைத்தது 20 நிமிடம். காருக்குள் ஒழுங்காக உட்கார மட்டும் பிடித்தது 40 நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றது நமக்குத் தெரிந்த ஊர்க் கதைதான், அதை முதலில் முடித்துவிடலாம்.

பணம் கட்டும் பக்கம் இந்திய மொபைல் எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். பிரிட்டன் எண்ணைப் போட்டால் இரண்டு இலக்கம் அதிகம் என்று திட்டும். வழக்கம்போல சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, அவன் யூபிஐயில் கட்டி, அப்புறம் அவனிடம் கணக்குத் தீர்க்க வேண்டும். வாசலில் ஆதார் நகல் கேட்பார்கள். பாஸ்போர்ட்டை நீட்டினால் "இது போதுங்களா?" என்று உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வருவார்கள். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் இரண்டுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். டிராக் வாசலில் ஜெராக்ஸ் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

தாமதத்துக்குக் காரணம் ஆம்புலன்ஸ். அது டிராக்கில் வந்து நிற்காமல் ஒரு காரையும் வெளியே விடக் கூடாது. உலகம் முழுக்க அதுதான் விதி, இங்கேயும் அதைக் கறாராகவே கடைப்பிடித்தார்கள். ஆனால் அந்த நாளை ஏற்பாடு செய்தவர்கள் ஒன்றரை மணி நேரம் வரை அதை யாரிடமும் சொல்லவில்லை. "இப்ப ஆரம்பிச்சுருவோங்க" என்பதையே நாலு பேர் நாலு தடவை சொன்னார்கள். இங்கிலாந்தில் இதே தாமதத்துக்கு ஒருவர் வந்து காரணம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஒரு கப் மட்டமான காப்பியும் கொடுப்பார். அந்தக் காப்பிக்கு இங்கே கிடைத்த டீ எவ்வளவோ மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி சீட்.

இங்கிலாந்தில் பிறந்தநாள் பரிசுக் கூப்பனோடு ரேஸ் கார் ஓட்டப் போனவர்களுக்கு அந்த முறை தெரியும். உயரம், எடை எல்லாம் முன்பே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வரிசையில் நின்று காரில் இறங்கினால், பெல்ட்டை மாட்டி, கட்டைவிரலைக் காட்டி, மூன்றே நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். கால் எட்டவில்லை என்றால் தயாராக இருக்கும் ஒரு குஷனை முதுகுக்குப் பின்னால் சொருகுவார்கள். அதற்குமேல் நேரமில்லை, பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். கார் எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவுக்கு நாம்தான் வளைந்துகொள்ள வேண்டும்.

செட்டிபாளையத்தில் கிடைத்தது ஃபார்முலா எல்ஜிபி வகைக் கார். ஒற்றை இருக்கை, முதுகுக்குப் பின்னால் மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜின். வீட்டில் எஸ்டீம் வைத்திருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். இந்த டிராக்குக்குப் பெயர் தந்த கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்று ரேஸ் கார் கட்டியவர். 1995இல் விமான விபத்தில் இறந்தார், டிராக் திறந்தது 2003இல். வீட்டுக் காரின் இன்ஜினை எடுத்து ரேஸ் கார் செய்த ஊர் இது. அங்குள்ள மெக்கானிக் சீட்டுக்குக் குஷன் தேடிக் கடைக்கு ஓடவில்லை என்பதில் ஆச்சரியமும் இல்லை.

சீட் என்பது மெத்தை இல்லாத ஃபைபர் ஓடு. பெரிய உடம்புக்காக வார்த்தது. ஐந்தடி ஐந்தங்குலம் உள்ளவர் அதில் இறங்கினால் தொட்டிலில் போட்ட தேங்காய் மாதிரி உருளுவார். முதலில் கிடைத்தது சாதாரண ஸ்பாஞ்ச் மெத்தை. மெக்கானிக் அண்ணா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அதைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். விரல் அடி வரை போனது. "இது சோபாவுக்குங்க" என்று தூக்கிப் போட்டார்.

அவர் சொன்ன காரணத்தை யாரும் எனக்கு வெளிநாட்டில் சொன்னதில்லை. இந்தக் கார்களின் பிரேக்குக்கு சாலைக் காரில் இருப்பது போன்ற பூஸ்டர் உதவி கிடையாது. செங்கல்லை மிதிப்பது போல இருக்கும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். அப்படி மிதிக்கும்போது அதே பலம் முதுகைப் பின்னால் தள்ளுகிறது. பின்னால் ஸ்பாஞ்ச் இருந்தால் அது அமுங்கி, உடம்பு இரண்டங்குலம் பின்னால் போய்விடும். காரை நிறுத்த வேண்டிய மிதி ஸ்பாஞ்சைப் பிழிவதில் கழிந்துவிடும். அதோடு, அமுங்காத ஸ்பாஞ்சின் மேல் இறுக்கிய பெல்ட், ஸ்பாஞ்ச் அமுங்கியதும் தளர்ந்துவிடும். பிட்டில் கச்சிதமாக இருந்த பெல்ட் மூன்றாவது சுற்றில் தோளில் ஆடுகிறது என்றால் காரணம் இதுதான்.

அவர் எடுத்துவந்தது குழந்தைகள் தரையில் கோத்து விளையாடும் ரப்பர் பாய். மஞ்சளும் நீலமுமாக, ஓரம் பல் பல்லாக இருக்குமே, அதேதான். 12 மில்லிமீட்டர் கனம், அமுக்கினால் லேசாகத்தான் கொடுக்கும். முதுகுக்கு மூன்று அடுக்கு, ஆக 36 மில்லிமீட்டர். இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு. தொடைக்கு அடியில், முன் ஓரத்தில் சரிவாகச் சீவிய ஒரு துண்டு: பிரேக் பிடிக்கும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் முன்னால் வழுக்காமலிருக்க. எல்லாவற்றையும் துணி டேப்பால் சுற்றினார். உட்காரும் இடத்தில் மட்டும் ஒன்றுமே வைக்கவில்லை.

"கீழ வெச்சா தல மேல போயிருமுங்க" என்றார். அதைக் காட்ட ஒட்டடைக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். தலைக்குப் பின்னாலுள்ள ரோல் பாரின் (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) உச்சியிலிருந்து ஸ்டியரிங்குக்கு முன்னாலுள்ள வளையத்தின் உச்சி வரை கம்பை வைத்தால், ஹெல்மெட்டின் தலை அந்தக் கம்புக்கு இரண்டங்குலமாவது கீழே இருக்க வேண்டும். கார் கவிழ்ந்தால் தரை வந்து நிற்கும் இடம் அந்தக் கம்பு. வெள்ளைக்காரன் இதற்கு லேசர் வைத்திருப்பான் என்று நினைத்தால், அங்கேயும் இதைத் துடைப்பக் கட்டையால்தான் பார்ப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. கூப்பனில் வருபவனுக்குத்தான் பார்ப்பதில்லை.

அதன்பின் சோதனைகள். கிளட்சைத் தரை வரை மிதித்தும் முழங்கால் நீண்டுவிடாமல் லேசாக வளைந்திருக்க வேண்டும். "முட்டி வளையோணும், இடுப்பு நகரக் கூடாதுங்க." மிதிக்கும்போது குதிகால் தரையிலேயே இருக்க வேண்டும். கையை நீட்டி ஸ்டியரிங்கின் உச்சியில் வைத்தால் மணிக்கட்டு அதன் மேல் படிய வேண்டும், தோள் சீட்டை விட்டு எழக் கூடாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது விரல் முட்டி தொடையில் இடிக்கிறதா என்றும் பார்த்தார். இடித்தது. தொடைக்கு அடியில் வைத்த துண்டை எடுத்து மறுபடி சீவினார். இப்படி நான்கு தடவை இறங்கி ஏற வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை எரிச்சல் வந்தது, நான்காவது தடவை வெட்கம்தான் வந்தது.

ஏறுவதற்கும் முறை உண்டு. ஸ்டியரிங் கழன்று வரும், அதைக் கழற்றிவிட்டு, ரோல் பாரைப் பிடித்துக்கொண்டு, சீட்டின் மேல் நின்று, இரண்டு காலையும் ஒன்றாக நீட்டி இறங்க வேண்டும். பக்கவாட்டு ஃபைபரிலோ கண்ணாடியிலோ கை ஊன்றினால் உடையும், உடைந்தால் பில் நமக்குத்தான். ஸ்டியரிங்கைத் திரும்ப மாட்டியதும் 'க்ளிக்' சத்தத்தை நம்பாமல் ஒரு தடவை பலமாக இழுத்துப் பாருங்கள். பெல்ட்டில் முதலில் இறுக்க வேண்டியது இடுப்புப் பட்டை: வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டும். பிறகு கால் இடுக்குப் பட்டை, கடைசியில்தான் தோள் பட்டைகள். வரிசை மாறினால் தோள் பட்டை இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு இழுத்துவிடும்.

செருப்பு விஷயத்தில் வெளிநாட்டு ரன்னிங் ஷூ உதவாது. அடி தடிமன், அகலமும் அதிகம், பிரேக்கை மிதித்தால் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அமுங்கும். பள்ளியில் பி.டி. பீரியடுக்குப் போட்ட வெள்ளைக் கேன்வாஸ் நினைவிருக்கிறதா? ரேஸ் ஷூ இல்லாதவர்களுக்கு அதுதான் சரி. ரேஸ் உடைக்கு உள்ளே பருத்தித் துணி போடுங்கள். டி-ஷர்ட் பாலியெஸ்டர் என்றால் தீயில் உருகித் தோலில் ஒட்டும். வாடகை ஹெல்மெட்டில் முந்தைய ஆளின் வியர்வை காய்ந்திருக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் போடும் துணி முகமூடியைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள், அதைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

ஓட்டுவது பற்றிச் சுருக்கமாக. கியர் லீவர் வலது தொடையை ஒட்டி இருந்தது. கோவையிலும் லண்டனிலும் இடது கையால் கியர் போட்டுப் பழகியவர்களுக்கு முதல் சுற்று முழுவதும் இடது கை காற்றைத் துழாவும். கிளட்ச் சட்டென்று பிடிக்கும், இன்ஜின் சுழற்சி (ஆர்பிஎம்) 2,500க்குக் கீழே இருக்கும்போது விட்டால் நின்றுவிடும். முதல் இரண்டு சுற்று டயர் சூடாகியிருக்காது, அதுவரை எதையும் நிரூபிக்க வேண்டாம். பிரேக்கை நேராகப் போகும்போதே முடித்துவிட்டு வளைவுக்குள் திருப்புங்கள். புதியவர்களின் கார் சுழன்று நிற்பது பெரும்பாலும் வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரை சட்டென்று விடும்போதுதான்: எடை முன்னால் போய், பின் சக்கரங்களின் பிடி போய்விடும். கார் சுழல ஆரம்பித்தால் கிளட்ச், பிரேக் இரண்டையும் தரை வரை மிதித்து, கொடி காட்டும் ஆள் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.

ஆனி, ஆடியில் போகிறவர்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் கணக்கில் வையுங்கள். பின்னாலிருந்து தள்ளும் பக்கத்தில் பிரேக்கை சற்று முன்பே தொட வேண்டும். ஓட்டும் தடத்தை விட்டு ஒரு அடி விலகினாலும் காற்று கொண்டுவந்த மண் இருக்கும். டிராக்கின் நீளம் 2.1 கிலோமீட்டர்தான், சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் 3.7 கிலோமீட்டர் போல மூச்சு வாங்க நீண்ட நேர் பாதை கிடையாது. கொடி விளக்கம் ஐந்து நிமிட ஆங்கிலத்தில் ஓடிப்போனது. மஞ்சள் என்றால் முந்தாதே, சிவப்பு என்றால் மெதுவாகப் பிட்டுக்கு வா, நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார், கறுப்பு உனக்கு மட்டும், உள்ளே வா. இதை வீட்டிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இருபது நிமிடம் முடிந்து இறங்கியதும் அண்ணா பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். தளரவில்லை. அதன்பின் டேப்பைக் கிழித்து, மஞ்சள் நீலத் துண்டுகளை உருவி ஓரமாகப் போட்டுவிட்டு, அடுத்து நின்ற ஆறடிக்காரரைக் கூப்பிட்டார். அந்தத் துண்டுகள் அடுத்த முறை உங்களுக்காகக் காத்திருக்காது. இறங்கியவுடன் உங்கள் அளவைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள்: முதுகுக்கு எத்தனை அடுக்கு, இடுப்புக்கு எத்தனை, தொடைக்கு எங்கே சீவியது. முடிந்தால் பாய் இரண்டு துண்டு பெட்டியில் போட்டுப் போங்கள், எடையே இருக்காது. அடுத்த வருடம் அங்கே இருக்கும் மெக்கானிக் வேறு ஆளாக இருந்தால், அவர் முதலில் எடுத்துவருவது அந்தச் சோபா ஸ்பாஞ்சாகத்தான் இருக்கும்.